புள்ளி 117

தகீராவில் அலையாத்திகளுக்கு நடுவே போகும்
நடைபாதையை அளந்து தரச் சொல்லியிருந்தார்கள்.
செப்டம்பர் கடைசி. காலை ஐந்தே கால்.
வண்டிக் கண்ணாடிக்கு வெளிப்பக்கம் வியர்த்திருந்தது.
முக்காலியை மணலில் மிதித்து ஊன்றி
மட்டக்குமிழியை நடுவுக்குக் கொண்டுவருவதற்குள்
சட்டை முதுகோடு ஒட்டிப்போனது.

ராம்பிரீத் மண்டல் பிரிசக் கோலைத் தோளில் சாய்த்து
முன்னே போனான்.
ஓதம் வடிந்த ஓடை. நண்டு வளைகள்.
சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக மூச்சுவேர்கள்.
ஆள் இல்லை. யாரும் நடக்காத பாதைக்கு
யாரோ பலகை பாவப் போகிறார்கள்.
ஓரம், நடு, ஓரம், வேலிக்கால்,
ஒரு குப்பைத்தொட்டி,
மறுபடி ஓரம் என்று
நூற்றுப் பதினாறு எடுத்தாயிற்று.

நூற்றுப் பதினேழுக்குக் குழலைத் திருப்பினேன்.
குறுக்குக்கோடுகள் வெட்டும் இடத்தில்
பிரிசம் இல்லை.
ஒரு கண்.

கையால் மெல்லத் திருகிக் கூர்மையாக்கினேன்.
எனக்கும் ராம்பிரீத்துக்கும் இடையில் ஒரு கல்.
கல்மேல், கல்லின் நிறத்திலேயே ஒன்று.
சாம்பலும் பழுப்புமாய் உடம்பு. முதுகில் கருங்கோடு,
மை தீர்ந்த பேனாவை அழுத்தி இழுத்ததுபோல்
நடுவில் விட்டுவிட்டு.

எனக்குத் தெரிந்த பறவைகள் ஒரு கைவிரலுக்குள் அடங்கும்:
காகம், மைனா, கொக்கு, மீன்கொத்தி,
பிரியாணிக் கடைப் பலகையில் இருக்கும் காடை.
இது அவற்றில் எதுவும் இல்லை.

வாக்கி-டாக்கியில் கிசுகிசுத்தேன்: அசையாதே.
பாம்பா, என்றான்.
இல்லை.
அப்புறம்?
தெரியவில்லை.

அது கழுத்தைத் திருப்பியது.
போதும் என்று நான் நினைத்த இடத்தையும் தாண்டித்
திருப்பியது.
உடம்பு அப்படியே இருந்தது, முகம் மட்டும்
முதுகின் பக்கம் வந்து என்னைப் பார்த்தது.
பாம்பா என்று அவன் கேட்டது
அவ்வளவு தவறில்லை.
பிறகு நாக்கை நீட்டி, எதற்கு அவ்வளவு நீளம்,
கல்லிடுக்கில் எறும்பு தின்றது.

பொத்தானை அழுத்தினால் லேசர் போகும்,
தூரம் வந்துவிடும், அரை நொடிகூட ஆகாது.
விரல் வைத்திருந்தேன்.
எதிரில் இருந்தது கண். அழுத்தவில்லை.

ஒரு நாளைக்கு இருநூற்றைம்பது புள்ளி என்பது
கம்பெனிக் கணக்கு.
பதினொரு நிமிடம் போனது.
பறந்ததற்குக் காரணம் ஒன்றும் இல்லை.
கட்டத்திலிருந்து ஒரு சாம்பல் அழிந்தது.
கல் இருந்தது.

ராம்பிரீத் சேற்றைச் சிதறிக்கொண்டு ஓடி வந்தான்.
எங்கள் மாந்தோப்புக்குக் குளிரில் வரும், என்றான்,
தரையில் தத்தித் தத்தி. பெயரும் சொன்னான்.
மைதிலியில் சொன்னது என் காதில் நிற்கவில்லை.
அப்படியென்றால் உன் ஊருக்குத்தான் போகிறதா?
இல்லை சார், அது அந்தப் பக்கம் போச்சு,
என்று தென்மேற்கைக் காட்டினான்.
நேபாளம் அந்தப் பக்கம் இல்லை.
கொஞ்ச நேரம் இருவரும் அந்தப் பக்கம் பார்த்தோம்.

கல்லில் கோலை வை, என்றேன்.
வைத்தான். எடுத்தேன்.
குறிப்புக் கட்டத்தில் இரண்டே எழுத்து அடித்தேன்.

வியாழக்கிழமை நாகர்கோவில் அலுவலகத்திலிருந்து
வரைபடம் போடும் பெனிலா அழைத்தாள்.
அண்ணா, நூற்றுப் பதினேழு
எந்தக் கோட்டிலும் சேர மாட்டேங்குது.
குறிப்பில 'புள்'னு இருக்கு.
புள்ளின்னு அடிக்க வந்து பாதியில விட்டுட்டீங்களா?

இருபத்திரண்டு வருடம்
புள்ளி புள்ளியாகப் பொறுக்கிச் சோறு தின்றவன்.
அந்தச் சொல்லின் முன்பாதியில்
ஒன்று உட்கார்ந்திருப்பதை
அவள் சொல்லித்தான் கவனித்தேன்.

சரியாத்தான் அடிச்சிருக்கேன், என்றேன்.
அழிச்சிடவா?
இருக்கட்டும்.

மூன்று கையெழுத்துகளைத் தாண்டி
வரைபடம் ஒப்புதலாகி வந்தது.
பாதை வளையும் இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி
எதோடும் சேராமல் ஒரு கூட்டல் குறி.
பக்கத்தில் பொடி எழுத்தில் உயரம்:
ஒன்று தசம் பூஜ்யம் நான்கு.

அது கல்லின் உயரம்.
அதன்மேல் இருந்ததை
அளக்கவில்லை.